ஜீரோ போன ரோபோக்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து ஆலைக்குள் நுழைந்தால், ஆறு ரோபோக்களுக்குத் தங்கள் கை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். நான் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கம், கார் இருக்கைகளுக்கான இரும்புச் சட்டங்களை வெல்டு செய்யும் ஓர் ஆலையில். மெயின்டனன்ஸ் பிரிவு. எங்கள் லைனில் நிற்பவை ஆறு மூட்டுள்ள வெல்டிங் ரோபோக்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு மோட்டார், மோட்டாரின் முதுகில் ஓர் என்கோடர். மூட்டு எத்தனை சுற்று சுற்றி இப்போது எங்கே நிற்கிறது என்ற கணக்கு அந்த என்கோடரிடம்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்வரை கவலையில்லை. மெயினை இறக்கிவிட்டால் கணக்கு மறந்துபோகாமல் இருக்க, ரோபோவின் அடிப்பீடத்தில் ஒரு சின்ன மூடிக்குள் நான்கு பேட்டரிகள். ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது கையில் ஒரு டார்ச் எடுத்துப்போவோமே, அதில் போடும் குண்டுக் கட்டை. அதே சைஸ், அதே கட்டை. லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தின் ஞாபகம் டார்ச் கட்டையில் ஓடுகிறது என்று முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதுவும் ரோபோவுக்குக் கரண்ட் இருக்கும்போதே மாற்றவேண்டும். மார்கழி முழுக்க, ரோபோவைக் கையால் இயக்கும் டீச் பெண்டன்ட் என்ற கைப்பெட்டியின் திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. இண்டென்ட் போட்டாயிற்று. பர்ச்சேஸில் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். டார்ச் கட்டைக்கு மூன்று கொட்டேஷன்! போகியன்று மெயினை இறக்கிவிட்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறினோம்.

"அண்ணே, ஆறும் ஜீரோ போயிருச்சு" என்றேன். கட்டை தீர்ந்து மூட்டுக் கணக்கு மறந்துபோவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

எங்கள் ஃபோர்மேன் கையிலிருந்த டீயைக் கீழே வைக்கவே இல்லை. "கட்டை என்ன வெலடா இருக்கும்?" என்றார். நான் சொன்னேன். "லைன் ஒரு மணி நேரம் நின்னா எவ்வளவு?" அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் பர்ச்சேஸ் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

ஜீரோ போன ரோபோவை நேர்கோட்டில் நகர்த்த முடியாது. ஒவ்வொரு மூட்டாகத் தனித்தனியே மெல்ல மெல்ல நகர்த்தவேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கம் ஊசிக்கோடு போல ஒரு குறி இருக்கும். இரண்டு குறியும் ஒன்றுக்கொன்று நேராக வரும்வரை ஒருவர் பெண்டன்டைப் பிடித்திருக்க, இன்னொருவர் தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... போதும், போதும், ஒரு மயிரளவு பின்னாடி." ஆறு மூட்டு, ஆறு ரோபோ, முப்பத்தாறு முறை. அப்படியும் கண்ணால் பார்த்து வைத்த ஜீரோ பழைய ஜீரோ ஆகாது. வெல்டு ஒன்றரை மில்லி தள்ளி விழும். பிறகு புரோகிராமில் ஒவ்வொரு புள்ளியாகத் திருத்தவேண்டும். லைன் ஓட இரண்டு நாள் ஆயிற்று.

இதை எழுதத் தோன்றியதற்குக் காரணம் வேறு. காணும் பொங்கலன்று முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது என் அக்கா மகன், ஒன்பதாம் வகுப்பு, கேட்டான்: "மாமா, ரோபோ எல்லாம் சேந்து ஒருநாள் மனுசங்கள அழிச்சிட்டு அதுகளே பூமிய வச்சுக்குமா?" வீட்டில் நான்தான் ரோபோ மாமா. ஏதோ சமாளித்தேன். மறுநாள் திரும்பி வந்து, பூமியை எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் தலைதொங்கி நிற்பதைப் பார்த்தபோது, ஒழுங்கான பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று உறுத்தியது.

அவன் கேட்டதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம்மைவிட அதிக நாள் இருக்குமா என்பது ஒன்று. நம் இடத்தைப் பிடிக்குமா என்பது இன்னொன்று.

முதலாவதுக்குப் பதில் சுலபம், இருக்கும். 1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பிய நாசாவின் விண்கலம் வாயேஜர் 1, 2012 ஆகஸ்டில் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிவிட்டது. புளூட்டோனியம் சிதையும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுகிறது. அந்த மின்சாரம் வருஷத்துக்குச் சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வருவதால், ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் அணைந்த பிறகும் அது போய்க்கொண்டேதான் இருக்கும். இன்னும் சுமார் 40,000 ஆண்டுகளில் கிளீஸ 445 என்ற நட்சத்திரத்தை 1.6 ஒளியாண்டு தள்ளிக் கடக்கும். அதில் பொருத்தியிருக்கும் தங்கமுலாம் பூசிய தட்டில் 55 மொழிகளில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. ஹிட்டைட் என்று பேச ஆளில்லாத மொழிகூட உண்டு. தமிழ் இல்லை. இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அதனால் சம்பந்தமில்லாமல் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆனால் நடுகல்லும்தான் நம்மைவிட அதிக நாள் நிற்கிறது. கல் நம் இடத்தைப் பிடித்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

2023 நவம்பரில் இதே வாயேஜர் 1 உளற ஆரம்பித்தது. சிக்னல் வந்தது, அதில் பொருள் இல்லை. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருக்கும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் ஒரு சின்னக் குழு மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில், தகவலைத் தொகுத்து அனுப்பும் கணினியில் ஒரு சில்லு (சிப்) செத்துப்போய், அதன் நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் கெட்டிருப்பது தெரிந்தது. சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் போய்ச் சில்லை மாற்ற முடியுமா? செத்த சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, நினைவகத்தில் எங்கெங்கே சந்து கிடைக்கிறதோ அங்கெல்லாம் செருகினார்கள். ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று வழி சொல்லும் இடங்களையெல்லாம் தேடித் திருத்தினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று கட்டளை போனது. போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதத்துக்குப் பிறகு, புரிகிற மாதிரி பேசியது.

நாங்கள் தரையில் மல்லாந்து படுத்துச் செய்ததும் இந்த வேலைதான் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வாயேஜர் இத்தனை வருஷம் உழைத்ததில் அதன் உடம்பு பாதி. மீதிப் பாதி, அது கிளம்பியபோது பிறந்தே இராதவர்கள் உட்பட, பாசடீனாவில் பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள்.

செவ்வாயில் இன்னும் பரிதாபம். 2018 நவம்பரில் அங்கே இறங்கிய இன்சைட் கலத்தைச் சாய்த்தது பெரிய வியாதி எதுவும் இல்லை. சூரியத் தகடுகளில் தூசி படிந்தது, அவ்வளவுதான். கீழே இருந்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கலத்தின் கையால் மண்ணை அள்ளித் தகட்டுக்குப் பக்கத்தில் காற்றில் தூவ வைத்தார்கள். பெரிய மணல் பருக்கைகள் தகட்டில் விழுந்து துள்ளிப்போகும்போது மெல்லிய தூசியையும் கூட்டிக்கொண்டு போகும் என்ற கணக்கு. மண்ணைப் போட்டு மண்ணைத் துடைப்பது! கொஞ்சம் மின்சாரம் ஏறவும் செய்தது. இருந்தாலும் 2022 டிசம்பரில் அடங்கிவிட்டது. பக்கத்தில் ஓர் ஆள், கையில் ஒரு பூந்துடைப்பம், வாரத்துக்கு ஒருநாள். அது போதுமாக இருந்தது.

ரோபோ என்ற சொல் பிறந்த கதையிலேயே இந்த விஷயம் இருக்கிறது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில்தான் அந்தச் சொல் முதலில் வந்தது. செக் மொழியில் ரோபோட்டா என்றால் கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கும் உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' மாதிரி. நாடகத்தில் ரோபோக்கள் கலகம் செய்து மனிதர்களைக் கொன்றுவிடும். எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது இதுவரைதான். அதற்குப் பிறகு ஒன்று நடக்கிறது. ரோபோக்களைச் செய்யும் சூத்திரம் ஏற்கெனவே எரிந்துபோய்விட்டது. தங்களை எப்படிச் செய்வதென்று அவற்றுக்கே தெரியாது, தேய்ந்து விழுந்துகொண்டிருக்கின்றன. உயிரோடு விட்டுவைத்த ஒரே மனிதனிடம் வந்து வழி சொல்லச் சொல்லி மன்றாடுகின்றன. அந்த மனிதனை ஏன் விட்டுவைத்தார்கள் தெரியுமா? அவன் கட்டட வேலைக்காரன், தங்களைப்போலக் கையால் வேலை செய்கிறவன் என்று. நூறு வருஷத்துக்கு முன்னால், நிஜ ரோபோ ஒன்றைக்கூடப் பார்க்காமல் எழுதிய ஆள் இவ்வளவு சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

தன்னைத்தானே செய்துகொள்ளும் இயந்திரம் நடக்காத காரியமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கணிதமேதை ஜான் வான் நாய்மன் 1940களின் கடைசியிலேயே இதை யோசித்துவிட்டார். தன்னைச் செய்வதற்கான குறிப்பு நாடா ஒன்று இயந்திரத்திடம் இருக்கவேண்டும். அதைப் படித்து இன்னொரு இயந்திரத்தைக் கட்டவேண்டும். பிறகு அந்த நாடாவையும் படியெடுத்துப் பிள்ளையின் கையில் கொடுக்கவேண்டும். டிஎன்ஏவின் வடிவம் 1953இல்தான் தெரிய வந்தது. உயிர் செய்வதும் கிட்டத்தட்ட இதையே என்று அப்போதுதான் உலகத்துக்கு விளங்கியது. ஆகவே தத்துவ அளவில் தடை கிடையாது. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாவும் ஒரு விதத்தில் இயந்திரந்தான். சர்க்கரையும் உப்பும் கிடைத்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் இரண்டாகிறது.

சிக்கல் வேறு இடத்தில். 1980இல் நாசா ஒரு கோடைக்கால ஆய்வு நடத்தியது. நிலவில் 100 டன் எடையுள்ள ஒரு 'விதை'யை இறக்கினால், அது அங்கே இருக்கும் மண்ணைத் தின்றே வளர்ந்து தன்னைப்போல் இன்னொரு தொழிற்சாலையைக் கட்டுமா என்று கணக்குப் போட்டார்கள். பெரிய பெரிய பாகங்களெல்லாம் ஒருவழியாகத் தேறிவிடும். கடைசியில் மிச்சம் இருக்கும் சின்னச் சின்னச் சாமான்கள்தான், முக்கியமாகச் சில்லுகள், கழுத்தைப் பிடிக்கும். 2005இல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர் தொடங்கிய ரெப்ராப் என்ற முப்பரிமாண அச்சு இயந்திரமும் தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சடித்துக்கொள்ளும். மோட்டார், போல்ட், நட்டு, சர்க்யூட் எல்லாம் கடையில் வாங்கவேண்டும். அப்படி வாங்குகிற சாமானுக்கு அந்த வட்டாரத்தில் 'வைட்டமின்' என்றே பெயர். அளவில் துளி, ஆனால் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாதது.

எங்கள் ரோபோவுக்கு எவ்வளவு வைட்டமின் வேண்டும் என்று ஒருநாள் நைட் ஷிஃப்டில் யோசித்துப் பார்த்தேன். டார்ச் கட்டையில் தொடங்கினேன். மூட்டுக்குள் போகும் கிரீஸ், அதிலும் குறிப்பிட்ட ஒரு வகை; மாற்றிப் போட்டால் கியர் போய்விடும். வெல்டிங் டார்ச்சின் முனையில் செம்பு டிப், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனையோ. கேபிள். கண்ட்ரோலரில் இருக்கும் சில்லு என்று வந்தபோது நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை. சில்லுக்கான சிலிக்கானை உருக்கும் குடுவைக்கு மிகச் சுத்தமான குவார்ட்ஸ் வேண்டும். அதில் பெரும்பகுதி அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரூஸ் பைன் என்ற சின்ன மலையூரிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அடித்து அந்தச் சுரங்கம் நின்றபோது உலகமே ஒரு கணம் மூச்சைப் பிடித்தது. மிக நுட்பமான சில்லுகளை வரையும் எந்திரத்தை நெதர்லாந்தில் ஒரே ஒரு கம்பெனி, ஏஎஸ்எம்எல், செய்கிறது. உருகிய வெள்ளீயத் துளிகளை வினாடிக்கு 50,000 என்ற கணக்கில் லேசரால் அடித்து அது ஒளி எடுக்கிறது. அந்த ஒளியைத் திருப்பும் கண்ணாடிகள் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். அவற்றைச் சோதிக்கிறவர் காலையில் காபி குடித்துவிட்டு வரவேண்டும், அவர் பிள்ளையைப் பள்ளிக்கூட வேன் வந்து கூட்டிப்போக வேண்டும். யோசித்துக்கொண்டே போனால் ஒரு ரோபோ கைக்குப் பின்னால் பாதி உலகம் நிற்கிறது.

ஜப்பானில் ஃபுஜி மலையடிவாரத்தில் ஒஷினோ என்ற ஊரில் ரோபோக்களே ரோபோக்களைச் செய்யும் ஆலை இருக்கிறது. விளக்கைக்கூட அணைத்துவிட்டு 30 நாள் வரை ஆள் பார்க்காமலே ஓடும் என்கிறார்கள். நான் மெயின்டனன்ஸ்காரன். எனக்கு அந்த 31ஆம் நாளைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள ஆசை.

ரோபோவின் உடம்பு போனால் போகட்டும், அதன் அறிவு சாகாது என்று ஒரு கட்சி உண்டு. ஏஐ ஆராய்ச்சியின் மூத்தவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டனே இப்படி வாதிடுகிறார். ஒரு கணினி எரிந்துபோனாலும் அதில் இருந்த எண்களை இன்னொரு கணினியில் ஏற்றினால் அதே அறிவு எழுந்துவிடும், மனித மூளைக்கு அந்த வசதி இல்லை என்கிறார். உண்மைதான். ஆனால் ஏற்றுவதற்கு இன்னொரு கணினி வேண்டுமே! உ.வே.சாமிநாதையர் தேடித்தேடி எடுத்த சங்க இலக்கியம் ஓலை இரண்டாயிரம் வருஷம் தாங்கியதால் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஓலையும் இற்றுப்போவதற்குள் யாரோ ஒருவர் புது ஓலை வாரி, எழுத்தாணியோடு உட்கார்ந்ததால் கிடைத்தது. உட்கார ஆளில்லாதவை போய்விட்டன. ஹார்டு டிஸ்க் ஓலையைவிடச் சீக்கிரம் சாகும்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது. தன்னால் பிழைக்க முடியாத ஒன்று நம்மை அழிக்காது என்பதற்கு உத்தரவாதமில்லை. சோறு போடுகிறவனைக் குத்திவிட்டுப் பிறகு பட்டினி கிடப்பவர்களை நாம் பார்த்ததில்லையா? சாப்பெக்கின் ரோபோக்கள் செய்ததும் அதுதான். ஆகவே ஏஐயை ஆயுதத்தில் கட்டிவிடுகிறவர்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பயப்படட்டும். அது நியாயமான பயம். நான் பேசுவது அதற்கு அடுத்த காட்சியைப் பற்றி.

ஒன்று இன்னொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் எல்லாருமே பார்த்திருக்கிறார்கள். சீமைக்கருவேலம். கண்டம் தாண்டி வந்த மரம். அதற்கு மூளை கிடையாது, திட்டம் கிடையாது. நெற்று இனிப்பாக இருக்கும். ஆடும் மாடும் தின்னும். விதை செரிக்காமல் சாணியோடு வெளியே வந்து, சாணியையே உரமாக்கி முளைக்கும். வெட்டினால் தூரிலிருந்து நாலாகத் துளிர்க்கும். மழை இல்லையென்றால் வேரை இன்னும் கீழே அனுப்பும். எங்கள் கண்மாய்க்குள் அது வந்தபோது யாரும் கவலைப்படவில்லை. அடுப்புக்கு விறகு, மூட்டம் போட்டால் கரி, கரி விற்றால் காசு. பிறகு ஒருநாள் பார்த்தால் கண்மாய் எங்கே என்று தெரியவில்லை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவே போட்டது. ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். இந்தப் பொங்கலுக்குப் போனபோது கண்மாய்க் கரையில் மறுபடியும் இடுப்பளவு நிற்கிறது.

அக்கா மகனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். மேடையில் ஆடும், குட்டிக்கரணம் போடும் ரோபோவைப் பார்த்துப் பயப்படாதே. உன்னைவிட நன்றாகக் கவிதை எழுதும் ரோபோவைப் பார்த்தும் இந்த விஷயத்தில் பயம் வேண்டாம். மழை தண்ணி இல்லாத பொட்டலில், யாரும் கொண்டுபோய் வைக்காமல், மண்ணிலிருந்தே தன்னை எடுத்துக்கொண்டு, ஒடித்தால் துளிர்க்கும் ரோபோ ஒன்று வந்ததென்று எவனாவது சொன்னால், அன்றைக்கு எனக்கு போன் பண்ணு.

போன வாரம் நிஜமாகவே போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இன்னும் வரலைன்னு சொல்றீங்க. வராதுன்னு சொல்லல" என்றான். சொல்லவில்லைதான்.

என் கவலை இப்போதைக்கு வேறு பக்கம் இருக்கிறது. எங்கள் ஃபோர்மேன் ஜூனில் ரிட்டயர் ஆகிறார். அவரிடம் ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. 'நாலாம் நம்பர்: மூணாவது மூட்டு, சித்திரை வைகாசியில் முனகும். கிரீஸ் அல்ல. கேபிள் உரசல்.' 'ரெண்டாம் நம்பர்: காலையில் முதல் பத்து பீஸ் பார்த்துக்கொள்.' இப்படிப் பக்கம் பக்கமாக. அவர் இடத்துக்கு ஆள் எடுக்கப்போவதில்லை என்று பேச்சு. சென்சார் வைத்து, எது எப்போது கெடும் என்று கம்ப்யூட்டரே முன்கூட்டிச் சொல்லிவிடுமாம். சொல்லும்; மார்கழி முழுக்கச் சொல்லிக்கொண்டுதானே இருந்தது? ரோபோ தன்னைப் பார்த்துக்கொள்ளக் கற்பதற்குள் ரோபோவைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் தீர்ந்துவிடுவார்கள்போல. வாயேஜருக்குப் பழைய காகிதத்தைப் புரட்ட ஆள் இருந்தது. இந்த நீல நோட்டை யார் புரட்டுவார்கள் என்று தெரியவில்லை.

கட்டை கதையை முடித்துவிடுகிறேன். மூன்றாவது கொட்டேஷன் வந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜீரோ போன அன்று சாயங்காலமே தாம்பரத்தில் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் இருபத்து நான்கு கட்டைகள் என் காசில் வாங்கிவந்துவிட்டேன். கடைக்காரர், "ஊர்ல திருவிழாவா தம்பி, இத்தன டார்ச்சு?" என்றார்.

கரண்ட் ஓட ஓட ஒவ்வொரு ரோபோவாக மாற்றினோம். மூடியைக் கழற்றினால், அதன் உட்புறத்தில் மார்க்கரில் தேதிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, எல்லாம் ஃபோர்மேனின் சாய்வான கையெழுத்தில். கடைசித் தேதி போன வருஷத்துக்கு முந்தின தையில். அவர் மார்க்கரை என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன். மூடியில் இன்னும் இரண்டு வரிக்குத்தான் இடம் இருக்கிறது.